பெஹாலா காக்கு

கொல்கத்தாவின் பெஹாலா சௌரஸ்தாவில் டீ கொதிக்கிற இடமெல்லாம் இவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அறுபதை நெருங்கும் வயது. குளிர்காலம் எட்டிப் பார்த்ததும் தலையில் குரங்குக் குல்லாய் ஏறிவிடும். பையன்களுக்கு இவர் 'காக்கு', சித்தப்பா முறை. என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் பதில் வராது. உங்கள் வேலையைப் பற்றித்தான் பேச்சு: போதாது, இன்னும் உழைக்கணும்!

அவருக்கு ஒரே வேதம், அதே பேட்டை பீரேன் ராய் சாலைக்காரர் சௌரவ் கங்குலி. "92இல ஒரே ஒரு ஆட்டம். மூணு ரன். அப்புறம் கூப்பிடவே இல்லை. சோர்ந்தாரா? நாலு வருஷம் உழைச்சார். 96இல லார்ட்ஸ்ல 131!" சொல்லி முடிக்கையில், அத்தனை ரன்னையும் தானே ஓடி எடுத்தவர்போல் மூச்சு வாங்கும். பேச்சு 2002 நாட்வெஸ்ட் இறுதியாட்டத்துக்கு வந்தால் கடைக்காரர் பால் சட்டியை நகர்த்தி வைத்துவிடுவார். லார்ட்ஸ் மாடத்தில் அன்று சுழன்றது கங்குலியின் சட்டை. இங்கே சுழலப்போவது காக்குவின் தோள்துண்டு.

புடவைக்கடைப் பையன் ஒருவன் தினமும் மாட்டிக்கொள்வான். "சம்பளம் கூட்டிக் கேட்டியா? வாய் எதுக்கு இருக்கு?" பையன் பதில் சொல்ல வாயைத் திறப்பான். அதற்குள் காக்கு, கங்குலி அணிக்குத் திரும்பிய 2006 ஜோஹன்னஸ்பர்க் ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். "பொறுக்காதே!" என்பார். அடுத்த வாயிலேயே டைமண்ட் ஹார்பர் சாலையைக் காட்டி, "எத்தனை வருஷம் வெறும் தூணா நின்னுச்சு? 2022 டிசம்பர்ல ஜோக்கா–தாராதலா மெட்ரோ ஓடலையா? பொறுமை வேணும், தம்பி!"

ஒரு மழைநாளில், முழங்காலளவு தண்ணீர் நின்ற தெருவைப் பார்க்க வார்டு கவுன்சிலர் வந்தார். எல்லார் கண்ணும் காக்கு மேல். அவர் எழுந்தார், துண்டைத் தோளிலிருந்து இறக்கினார், தொண்டையைச் செருமினார்.

"டீ சாப்பிடுறீங்களா, ஐயா?"

"தண்ணி எப்ப சார் வடியும்?" என்று கேட்டது அந்தப் புடவைக்கடைப் பையன்தான். கவுன்சிலர் கிளம்பியதும் காக்கு கூட்டத்தைப் பார்த்து, "யார் பயிற்சி?" என்றார்.

பெஹாலா பக்கம் வந்தால் அவசியம் அவரிடம் அரைமணி உட்காருங்கள்; உடம்பில் சுறுசுறுப்பு ஏறுவது நிஜம். டீக்கு யார் காசு தருவது என்பதை மட்டும் முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.