மூலப் பத்திரம் எங்கடா, பேராண்டி?

கார்டு நல்லாத்தான் அடிச்சிருக்கே பேராண்டி. வழவழன்னு தாளு, தங்கக் கலர்ல எழுத்து, ஓரத்துல ஒரு மயிலு. ‘சேவைச் செம்மல்’, ‘சமூகச் சுடர்’, அதுக்கும் முன்னால ஒரு ‘டாக்டர்’. உம் பேரு எங்க இருக்குதுன்னுதான் கண்ணாடியைத் தொடச்சிக்கினு தேட வேண்டியதாப் போச்சு. அது கெடக்கட்டும். மெடிக்கல் காலேஜுக்குப் பின்னால மனை வாங்கப் போறியாமே, உங்கப்பன் சொன்னான். பத்திரமெல்லாம் பாத்தியா? ‘டைட்டில் க்ளியரா இருக்குது தாத்தா, பட்டா இருக்குது’ன்றே. யாரு சொன்னா? விக்கிறவனா? அவன் சொல்லாம வேற எவன் சொல்லுவான்.

எனக்கு ஒண்ணுதான்டா வெளங்கலை. நெலத்துக்கு டைட்டில் வேணும், அதை நீ தேடலை. ஆளுக்கு அது வேணவே வேணாம், அதைப் போயி காசு கட்டி மூணு வாங்கியாந்திருக்கே.

தப்பு உம்மேல மட்டும் இல்ல. இங்கிலீஷ்காரன் ஒரே கவுத்துல அஞ்சு மாட்டைக் கட்டிட்டுப் போயிட்டான். புஸ்தகத்துக்கு வெக்கிற பேரும் டைட்டிலு, படம் ஆரம்பிச்சதும் ஓடுற எழுத்தும் டைட்டிலு, பாட்டுப் போட்டியில கெலிச்ச பையன் டைட்டில் வின்னரு, ‘சர்’ருன்னு சீமை ராஜா தோள்ல கத்தியை வெச்சுக் குடுக்கறதும் டைட்டிலு, ஏரிக்கரையோரம் கெடக்கற பத்து சென்ட்டு யாருதுன்றதும் டைட்டிலு. நமக்கு அவுத்து ஓட்டத் தெரியலை.

பட்டம் போட்டுக்கறதே கூடாதுன்னு நான் சொல்லலைடா. அது நம்ம பக்கத்துப் பழைய வியாதி. விழுப்புரத்துலேருந்து செஞ்சிக்குப் போற பக்கம் மண்டகப்பட்டுன்னு ஒரு ஊரு இருக்குதே, போயிருக்கியா? செல்பி எடுக்கப் போயிருப்பே. அங்க பாறையைக் குடைஞ்சு ஒரு கோயில் இருக்குது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் குடைஞ்சது. செங்கல் இல்லாம, மரம் இல்லாம, இரும்பு செம்பு இல்லாம, சுண்ணாம்பு இல்லாம பிரம்மாவுக்கும் சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் கட்டுனதுன்னு சமஸ்கிருதத்துல வெட்டி வெச்சிருக்காங்க. கட்டுனது யாருன்ற எடத்துல மகேந்திரன்னு இருக்காது. ‘விசித்திரசித்தன்’னு இருக்கும். இன்னும் கொஞ்சம் போனா தளவானூர்ல ஒரு குடைவரை. அங்க அவரே ‘சத்துருமல்லன்’. மத்தவிலாசன், குணபரன், சித்திரகாரப்புலி, இன்னும் என்னென்னவோ. அவரு வம்சத்துல பின்னாடி வந்த ராஜசிம்மன் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் செவுத்துல எரநூத்துக்கு மேல பட்டத்தை வெட்டி வெச்சாரு. நம்ம காலத்துல இருந்திருந்தா பிளெக்ஸுக்காரன் பங்களா கட்டியிருப்பான்.

ஆனா ஒண்ணு கவனி. மகேந்திரன் மலையைக் குடைஞ்சு முடிச்சிட்டுத்தான் செவுத்துல எழுதுனான். நீ எதைக் குடைஞ்சே?

வெள்ளைக்காரன் வந்தப்பறம் ராவ் பகதூர், திவான் பகதூர், சர்னு தராசுல போட்டுக் குடுத்தான். வாங்குனவங்கள்லயும் மனுஷன் இருந்திருக்கான். மணி ஐயர்னு சொல்லுவாங்க, சுப்பிரமணிய ஐயர். சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜு, சீப் ஜஸ்டிஸ் வேலையையும் பாத்தவரு. அவருக்கு சர் பட்டமும் இருந்துது, திவான் பகதூரும் இருந்துது. 1917-ல அன்னி பெசன்ட்டைப் புடிச்சு அடைச்சப்ப, இந்தக் கெழவரு அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கு நேரா ஒரு கடுதாசி எழுதிட்டாரு, இங்க நடக்கறது அநியாயம்னு. அடுத்த வருஷம் லண்டன் பார்லிமென்ட்டுல அது பெரிய ரகளையா ஆச்சு. ‘அப்படியா, இந்தா ஒன் பட்டம்’னு ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டாரு. தாகூரு ஜாலியன்வாலா பாக்குக்காக சர் பட்டத்தை வேணாம்னு எழுதுனது 1919-ல. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே நம்மாளு முடிச்சிட்டாருடா. தாகூரு கதை ஸ்கூல்ல சொல்லிக் குடுப்பாங்க. இவரு கதையை எங்கிட்ட கேட்டாத்தான் உண்டு.

சொதந்திரம் வந்ததும் அரசியல் சட்டத்துல 18-ன்னு ஒரு பிரிவு போட்டாங்க. பட்டாளத்துப் பட்டமும் படிப்புப் பட்டமும் தவிர வேற எதையும் அரசாங்கம் குடுக்கக் கூடாது. அப்ப பத்மஸ்ரீ, பாரத ரத்னா எல்லாம் இன்னான்னு ஒருத்தர் கேஸு போட்டாரு. 1995 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு: அது பட்டம் இல்ல, விருது, பேருக்கு முன்னாலயும் ஒட்டக் கூடாது, பின்னாலயும் ஒட்டக் கூடாது. எல்லாம் சரி. அரசாங்கம் குடுக்கக் கூடாதுன்னு எழுதுனவங்க, கல்யாண மண்டபத்துல குடுக்கக் கூடாதுன்னு எழுத மறந்துட்டாங்க. அந்த சந்துலதான் நீ பூந்து வந்திருக்கே.

அந்த டாக்டரு யாரு குடுத்தது? பேரு வாயில நொழையாத வெளிநாட்டு யூனிவர்சிடின்றே. 2023 பிப்ரவரியில நடந்தது ஞாபகம் இருக்குதா? அண்ணா யூனிவர்சிடி அரங்கத்தை எடுத்து, சினிமாக்காரங்களையும் இன்னும் சில பேரையும் கூப்பிட்டு, ஒரு அமைப்பு கௌரவ டாக்டர் பட்டம் குடுத்துச்சு. அப்பறம் பாத்தா யூனிவர்சிடி எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னுது, போலீசுல புகாரு. வாங்குனவங்க பாவம், அவங்களுக்கே தெரியாது. எடம் பெருசா இருந்தா பட்டமும் பெருசுன்னு நெனைச்சிட்டாங்க. பிராட்வேயில நின்னுக்கினு ஹைகோர்ட்டை வித்தவன் கதைதான். உனக்கு அந்த அரங்கம்கூட இல்ல, ஓட்டலு மாடியாம். நாளைக்கு நம்ம ஆஸ்பத்திரி வாசல்ல எவனாச்சும் நெஞ்சைப் புடிச்சிக்கினு வுழுந்தான்னா, டாக்டர் வந்துட்டாருன்னு உன்னைத்தான் புடிச்சு இழுப்பாங்க. அப்ப சமூகச் சுடரு எந்தப் பக்கம் ஓடும்னு பாக்கறேன்.

வேணாம்னு சொல்றதுதான்டா இப்ப புது நாகரிகம். 2021 டிசம்பர்ல அஜித்து ‘தல’ன்னு கூப்பிடாதீங்கன்னாரு. 2024 நவம்பர்ல கமல் ‘உலகநாயகன்’ வேணாம்னாரு. அடுத்த மார்ச்சுல நயன்தாராவும் ‘லேடி சூப்பர் ஸ்டார்’ வேணாம்னு எழுதிக் குடுத்துச்சு. அவங்க எறக்கி வெக்கிறதையெல்லாம் நீ பொறுக்கிக்கினு வராத. பிளெக்ஸும் அடிச்சிட்டியாமே? அடிச்சது அடிச்சாச்சு, ஐப்பசிக்குள்ள என்கிட்ட குடுத்துடு. வைக்கப்போரை மூட ஒரு படுதா கொறையுது. உம் மூஞ்சி உள்பக்கமா வர்ற மாதிரி போட்டுக்கறேன், மாடு மெரளாம இருக்கும்.

சினிமா டைட்டிலுக்காச்சும் ஒரு காலத்துல பலன் இருந்துது. 2006-ல தமிழ்ல பேரு வெச்சா கேளிக்கை வரி இல்லைன்னு கருணாநிதி அரசு சொன்னதும், கோடம்பாக்கமே ராத்திரியோட ராத்திரியா அகராதியைப் புரட்டுச்சு. ‘எம்டன் மகன்’னு ஒரு படம். எம்டன்றது 1914 செப்டம்பர்ல மெட்ராசு மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பலு. அந்த பயத்துல ஜனங்க வாயில பூந்து, கெட்டிக்காரனையெல்லாம் ‘எம்டன்’னு சொல்லிச் சொல்லி அது தமிழாவே ஆயிடுச்சு. ஆனா வரி ஆபீசுக்கு அது தமிழ் இல்ல. ‘எம் மகன்’னு மாத்துனாங்க. நாம கரும்பு போட்டு ஆலைக்கு ஏத்துற ஊர்க்காரங்க, நமக்குப் புரியற கணக்குதான்: ஒரு டன்னைக் கழிச்சாங்க, வரி தள்ளுபடி ஆயிடுச்சு.

உன்னை மாதிரி ரெண்டு டைட்டிலையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பறவங்க சீமையிலயும் இருக்காங்க. ஸ்காட்லாந்துல ஒரு சதுர அடி நெலம்னு சொல்லி விப்பானுங்க. வாங்குனா நீ ‘லேர்டு’, அதாவது பண்ணையாரு. சர்ட்டிபிகேட்டு வூட்டுக்கே வரும். ஆனா இத்துனூண்டு ஞாபகார்த்த மனையை நெலப் பதிவேட்டுல ஏத்தவே முடியாதுன்னு அங்க சட்டம். பட்டத்தைப் பாத்துக்கற ஆபீசோ, ஒரு அடி வாங்குனவன்லாம் லேர்டு ஆக முடியாதுன்னுது. நெலமும் இல்ல, பட்டமும் இல்ல, காசு மட்டும் போச்சு. நம்மூரு லேஅவுட்டு போடுறவன் காதுல இது வுழுந்துதுன்னு வையி, ‘பிளாட்டு வாங்குனா ஜமீன்தார் பட்டம் இலவசம்’னு நாளைக்கே ரோட்டோரம் போர்டு நட்டுடுவான்.

சரி, மனைக்கு வா. பட்டா இருக்குதுன்னியே, பட்டான்னா இன்னான்னு நெனைச்சே? கிஸ்தியை யாருகிட்ட வாங்கறதுன்னு ரெவின்யூக்காரன் எழுதி வெச்சுக்கற பேரு. அதனாலயே உரிமை வந்துடாது, போயிடவும் போகாதுன்னு கோர்ட்டு எத்தினி வாட்டி சொல்லியிருக்குது தெரியுமா? அதுவும் 79-லேருந்து 87 வரைக்கும் யூடிஆர்னு ஒண்ணு பண்ணாங்க. ஊரு கணக்கையெல்லாம் திருப்பி எழுதுனாங்க. அண்ணன் தம்பி நாலு பேரு நெலம் பெரியவன் ஒருத்தன் பேருக்குப் போச்சு, ஒருத்தன் பட்டா நெலம் பொறம்போக்குன்னு ஆச்சு. இன்னைக்கும் யூடிஆர் தவறைத் திருத்தணும்னு தாலுகா ஆபீசு மரத்தடியில மனு எழுதியே பொழைக்கிறாங்க.

ரிஜிஸ்டர் ஆயிருக்குதேன்றியா? 1908-ல போட்ட சட்டம் அது. பத்திரத்தைப் பதிவு பண்ணுவாங்க, உரிமைக்கு ஜாமீன் நிக்க மாட்டாங்க. ஆஸ்திரேலியாவுல டோரன்ஸ்னு ஒருத்தர் 1858-லயே வேற மாதிரி பண்ணாரு. அங்க சர்க்காரு புஸ்தகத்துல எவன் பேரு இருக்குதோ அவன்தான் சொந்தக்காரன். தப்பாப் போனா சர்க்காரே நஷ்டஈடு குடுக்கும். நம்ம நாட்டுலயும் அதைக் கொண்டாரணும்னு ரொம்ப நாளாப் பேச்சு. ஆந்திராவுல 2022-ல சட்டம் போட்டாங்க, எலெக்ஷன்ல அதுவே பெரிய சண்டையாகி, 2024-ல வந்தவங்க முதல் வேலைகள்ல ஒண்ணா ரத்து பண்ணாங்க. அதனால இங்க நீதான்டா டோரன்ஸு. நீயேதான் தோண்டிப் பாக்கணும்.

வில்லங்கம் போட்டுப் பாத்தியா? எத்தினி வருஷத்துக்கு? பதிமூணா! அவன் குடுத்த நகலா! முப்பது வருஷத்துக்குக் கொறையாம நீயே போடு. அதுலயும் பதிவானதுதான் தெரியும். வாய்ப்பேச்சுல பிரிச்ச பாகம் தெரியாது, பொட்டியில கெடக்கற உயில் தெரியாது. மூலப் பத்திரத்தைக் கேளு, ஜெராக்ஸு இல்ல, அசலு. அடுத்தது, அது பஞ்சமி நெலமான்னு பாரு. செங்கல்பட்டு கலெக்டரு திரமென்ஹீர் பாத்து எழுதுன அறிக்கையால, 1892-லேருந்து ஒடுக்கப்பட்ட ஜனங்களுக்குன்னு குடுத்தது. அதை மத்தவங்க வாங்கக் கூடாது. வாங்குனா செல்லாது, பாவமும்கூட. நம்ம ஜில்லாவுல அதை எத்தினி பேரு முழுங்கியிருக்கான்னு நான் பேர் சொல்ல ஆரம்பிச்சா, உனக்கு விருது குடுத்த மேடையில பாதி நாற்காலி காலியாயிடும். அப்பறம் பவர். பவர் பத்திரத்தை மட்டும் வெச்சுக்கினு சொந்தக்காரன்னு சொல்லிக்க முடியாதுன்னு 2011-ல சுப்ரீம் கோர்ட்டு கறாராச் சொல்லிடுச்சு. எழுதிக் குடுத்தவன் உசுரோட இருக்கானான்னு முதல்ல கேளு.

கடைசியா, பொண்ணுங்க கையெழுத்து. எல்லாப் பத்திரமும் சறுக்கற எடம் அதுதான். அப்பன் சுயமா சம்பாதிச்சு, உயில் எழுதாம செத்துட்டா, பொண்ணுக்கும் புள்ளைக்கும் சமபங்குன்னு 1956-லயே சட்டம். பூர்வீகச் சொத்துலயும் உண்டுன்னு தமிழ்நாட்டுல 1989-ல வந்துது, கண்ணாலம் ஆனவங்களைத் தள்ளி வெச்சு. 2005-ல டெல்லிக்காரங்க அதையும் சரி பண்ணாங்க. சட்டம் இருக்குது. நம்மூர்ல அண்ணமாரு ஒரு பொடவையும் ஒரு குத்துவெளக்கும் குடுத்து, ‘தங்கச்சி கேக்காது’ன்னு அவங்களே முடிவு பண்ணிக்குவாங்க.

அந்த சர்வே நம்பரைக் காட்டு. ம். நெனைச்சேன். இது யாரு நெலம்னு உனக்குத் தெரியாது, ஏன்னா கிணறை மூடிக் கல்லு நட்டுட்டாங்க. உங்க ஆயாவோட அப்பன் கரும்பு வித்த காசுல வாங்குன நெலம்டா இது. அவரு உயில் எழுதலை. நாலு அண்ணமாரு, இவ ஒருத்தி. யூடிஆர்ல பெரியவன் பேருக்குப் பட்டா வந்துது, அவன் ஒருத்தனுக்குப் பவர் குடுத்தான், அவன் இன்னொருத்தனுக்கு வித்தான், அவன் உன்கிட்ட டைட்டில் க்ளியருன்றான். ஆயா எதுலயும் கையெழுத்துப் போடலை. இத்தினி வருஷம் போனதுக்கப்பறம் கோர்ட்டுல நிக்குமா நிக்காதான்னு வக்கீலு பாத்துச் சொல்லட்டும். என் கணக்குக்கு அஞ்சுல ஒரு பங்கு அடுப்பாண்ட உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கினு இருக்குது.

நாளைக்கு வெலை பேசப் போறப்ப அவளையும் வண்டியில ஏத்திக்கினு போ. விக்கிறவன் ரேட்டைக் கொறைக்கிறானா, இவ ஏத்தறாளான்னு வந்து சொல்லு.