ஆரணித் தெருக்களில் கேரவன் திருப்புதல்: ஒரு முன்னாய்வு

கேரவன் என்றால் நம் பக்கத்தில் ஷூட்டிங்குக்கு வரும் நடிகர் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி. சொந்தக்காரரே ஓட்டிப்போய், அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்குவார் என்று சொன்னால் "அப்ப வீடு எதுக்குக் கட்டுனாரு?" என்பார்கள். ஆனாலும் பட்டு வியாபாரத்தில் நாலு காசு பார்த்த யாரோ ஒருவர் என்றைக்காவது ஒன்றை வாங்கத்தான் போகிறார். அவருடைய நலன் கருதியே இந்த ஆய்வு.

முன்னோடிகளைப் பார்த்துவிடுவோம். 1982இல் என்.டி.ராமராவ் பழைய செவர்லே வேன் ஒன்றைப் பிரசார ரதமாக்கி ஆந்திரத்தைச் சுற்றினார். ஸ்டியரிங்கைப் பிடித்தது அவரல்ல, மகன் ஹரிகிருஷ்ணா. இதிலிருந்து பெறப்படும் முடிபு வெளிப்படை: வண்டிக்கு முன்பணம் கட்டுமுன் மகனுக்கு லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும்.

உள்ளூர்ச் சான்று இன்னும் பழையது. 1751 டிசம்பரில் ராஜா சாகிப்பின் ஆட்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஆரணிக்கருகே ராபர்ட் கிளைவோடு மோதினார்கள். நடுவே சேறான நெல்வயல். அதைக் கடக்க ஒரு மேட்டுப் பாதை. பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிகளோடு அந்தப் பாதையில் வந்தார்கள். பீரங்கிகளை இருபுறமும் இறக்க வழியில்லை, திருப்ப இடமில்லை. ஜெயித்தது கிளைவ். வரலாற்றாசிரியர்கள் இதை அவருடைய போர்த்திறமை என்கிறார்கள். கனமான வண்டியைக் குறுகலான ரோட்டில் விட்டவர்களின் தவறு என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

இனிச் சட்டம். மொத்த எடை 7500 கிலோவைத் தாண்டாவிட்டால் கார் லைசென்ஸே போதும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. வண்டியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். பின்சக்கரத்துக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, முன் பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் 60 சதவீதம் வரை போகலாம். வலப்பக்கம் ஒடித்தால் இந்த வால் இடப்பக்கம் வீசும். இந்த உண்மை ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்கு முன், திண்ணையில் பேப்பர் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

நெசவாளிக்குக் கேரவன் சுலபமாக வரும் என்றொரு கருதுகோள் உண்டு. தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் மிதிகட்டை மிதித்தவருக்குக் கிளட்ச் எம்மாத்திரம் என்பது வாதம். ஏற்பதற்கில்லை. தறியில் மிதியைச் சட்டென்று விட்டால் அடுத்த இழை ஓடும். கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி எகிறி ஆஃப் ஆகும். மேலே ஷெல்ஃபில் இருக்கும் இட்லிப் பாத்திரம் மாமியார் மடியில் இறங்கும்.

மலைப்பாதைக்குப் பழைய லாரி டிரைவர்களின் சூத்திரமே போதும்: ஏறின கியரிலேயே இறங்கு. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தண்ணீர்த் தொட்டி பாதி நிரம்பியிருந்தால் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கம் போகும், வண்டியும் கூடவே போகப் பார்க்கும்.

ரிவர்ஸ் தனி நூலுக்குரிய பொருள். கேமரா இருந்தாலும் பயனில்லை, ஏனெனில் பின்னால் ஊர் நிற்கும். "வரலாம், வரலாம்" என்பார் ஒருவர். "லெஃப்ட்ல ஃபுல்லா ஒடி" என்பார் டீக்கடைக்காரர். "அண்ணே, ஒயரு!" என்பான் சைக்கிள் பையன். மூவரில் நம்பத் தக்கவன் பையன்தான். மற்ற இருவரும் தரையைப் பார்க்கிறார்கள், அவன் ஒருவன்தான் மேலே பார்க்கிறான்.

வருங்கால உரிமையாளருக்கு ஒரு வேண்டுகோள். நெசவாளர் தெருவில் விடிகாலையில் வண்டியை எடுக்காதீர்கள். அந்நேரம் தெரு நெடுகப் பாவு நீட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. அறுந்தால் ஒவ்வொன்றாகத்தான் முடிய வேண்டும். ஹாரன் அடித்துப் பயனில்லை, பாவைச் சுருட்டும் வரை இன்ஜினை அணைத்துவிட்டு, உள்ளேதான் அடுப்பு இருக்கிறதே, எல்லோருக்கும் காபி போடுங்கள்.