சீசருக்கு ஒரு புரூஃப் ரீடர் கிடைக்கவில்லை

ஆடிப் பதினெட்டு வந்தால் சிவகாசியில் பூஜை போட்டு, மறுவருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். லட்சுமியா, முருகனா, கொழுகொழு குழந்தையா என்று ஆற அமரப் பார்த்து ஆர்டர் கொடுக்கலாம். படம் சுமாராக இருந்தால் மன்னிப்பு உண்டு. தினசரித் தாளில் கிழமை மாறிவிட்டால் கிடையாது. விருதுநகர் மளிகைக்கடை அண்ணாச்சி ஒவ்வொரு காலையும் தாளைக் கிழிக்கும்போது அச்சகத்தாரையும் சேர்த்துக் கிழிப்பார். ஆணியில் தொங்கும் காகிதத்துக்கு 'அப்டேட்' போட முடியாது. பட்டாசுக்காரருக்கு இன்னும் மோசம்: தீபாவளியை ஒரு நாள் தள்ளிப் போட்டால் வருஷ உழைப்பே புஸ்வாணம்.

இந்தப் பயம் கொஞ்சமாவது இருந்திருந்தால் சரித்திரத்தின் பெரிய மனிதர்கள் தேதியில் இத்தனை கூத்து அடித்திருக்க மாட்டார்கள்.

முதல் ஆள் ஜூலியஸ் சீசர். ரோமாபுரியில் மாசம் ஒரு பக்கமும் பருவம் ஒரு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. கி.மு. 46-ஐ 445 நாள்களுக்கு இழுத்து இரண்டையும் முட்டவைத்தார். நாலு வருஷத்துக்கு ஒரு நாள் கூடுதல் என்று விதியும் போட்டார். அதைச் சோதித்துப் பார்ப்பதற்குள் கத்திக்குத்து வாங்கிப் போய்ச் சேர்ந்தார். பூசாரிகளோ ஆரம்ப வருஷத்தையும் கணக்கில் சேர்த்து எண்ணி, மூணு வருஷத்துக்கு ஒருமுறை நாளைச் சொருகினார்கள். பிறகு அகஸ்டஸ் வந்து சில லீப் நாள்களை ரத்து செய்து நேராக்கினார். ஒரு மாசத்துக்கே அவர் பேர் விழுந்தது. பிழை திருத்தியவருக்கு இவ்வளவு பெரிய போனஸ் அதன்பின் யாரும் கொடுத்ததில்லை.

அடுத்து போப் பதின்மூன்றாம் கிரிகோரி. அவர் காலண்டரைத் திருத்தியதில், 1582 அக்டோபர் 4-ம் தேதி படுத்தவர்கள் 15-ம் தேதி எழுந்தார்கள். 'போப் சொல்லி நாங்கள் கேட்பதா?' என்று இங்கிலாந்து 170 வருஷம் முறுக்கிக்கொண்டது. அந்த வீம்பு நம் ஊருக்கும் கப்பலேறி வந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்தபோது, கொடுத்தவருக்கு அன்று செப்டம்பர் 10, வாங்கியவருக்கு செப்டம்பர் 21! 1752-ல்தான் ஆங்கிலேயர் இறங்கிவந்து 11 நாளை விழுங்கினார்கள்.

கம்ப்யூட்டராவது ஒழுங்காக இருந்ததா? நூற்றாண்டு வருஷங்களில் பெரும்பாலானவற்றுக்கு லீப் நாள் கிடையாது என்ற கிரிகோரி விதிப்படி 1900 லீப் வருஷம் இல்லை. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் அதை லீப் என்றே வைத்துக்கொண்டது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று அந்தத் தப்பையும் தெரிந்தே தத்தெடுத்தது. விண்டோஸ் எக்செல்லில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்துத் தேதியாக மாற்றிப் பாருங்கள். உலகத்தில் விடியவே விடியாத 1900 பிப்ரவரி 29 கண்சிமிட்டும்.

நம் பஞ்சாங்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? சமஇரவு நாளில் பிறந்திருக்க வேண்டிய சித்திரை மெல்ல மெல்ல நகர்ந்து 23 நாள் தள்ளி நிற்கிறது என்று விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையிலான காலண்டர் சீர்திருத்தக் குழு சொன்னது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி என்று சக ஆண்டு அமலுக்கு வந்தது. கெஜட்டில் இன்றும் அது இருக்கிறது. அதைப் பார்த்து யாரும் பெண் பார்க்கப் போவதில்லை.

2008-ல் தமிழ்ப் புத்தாண்டைத் தைக்கு மாற்றிச் சட்டம் வந்தது. அதற்குள் அந்த வருஷக் காலண்டர் வீட்டுக்கு வீடு தொங்கிக்கொண்டிருந்தது. 2011 ஆகஸ்டில் சட்டம் ரத்தாகி, புத்தாண்டு சித்திரைக்கே திரும்பியது. ஆட்சி மாறினால் அமைச்சர் மாறுவார், வருஷப் பிறப்புமா என்று எந்த கம்பாசிட்டர் கேட்க முடியும்?

ஆக, மேலே இருப்பவர்கள் தேதியைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். கீழே இருப்பவர் புரூஃப் பார்த்தாக வேண்டும். காலண்டர் மென்பொருள் எழுதும் தம்பிகளே, வெளியிடும் முன் 2100 பிப்ரவரியை ஒருமுறை திறந்து பாருங்கள். அந்த மாசத்துக்கு 28 நாள்தான்.