அசலானந்தர்

உலகில் ரத்தின பரீட்சை தெரிந்தவர்கள் உண்டு; குதிரையின் சுழி பார்த்துக் குணம் சொல்பவர்கள் உண்டு; பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜியை மென்றுகொண்டே குலம், கோத்திரம், நட்சத்திரம் மூன்றையும் விசாரித்து முடித்துவிடும் சித்தப்பாக்களும் உண்டு. இம்மூவரின் அம்சத்தையும் ஒரே தேகத்தில் அடக்கிப் பிரமதேவன் கலிபோர்னியாவுக்கு அனுப்பிவைத்த ஒரு ஜீவனைத் தரிசிக்க விரும்புகிறவர்கள், பழைய மின்சார பேஸ் கிட்டார்கள் விலைக்கு வரும் ஏதாவதொரு சந்தைக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை விரிக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும்.

அவருக்குத் தாய் தந்தையர் இட்ட நாமம் எதுவாயினும் ஆகுக. நான் அவரை அசலானந்தர் என்றே அழைத்து வருகிறேன். ‘அசல்’ என்பது அரபு தேசத்திலிருந்து வந்து நம் அடகுக் கடைகளில் குடியேறிய சொல். ‘அசலம்’ என்பதோ அசையாதது என்று பொருள்படும் வடசொல். இரண்டுக்கும் யாதொரு உறவுமில்லை என்று பண்டிதர்கள் சாதிக்கலாம். நம்மவர் ஒப்பமாட்டார். தொழிற்சாலையில் முறுக்கிய நாள்முதல் எந்தத் திருகாணி அசையாமல் இருக்கிறதோ அதுவே அசல் என்பது அவருடைய வேதாந்தம்.

சென்ற மாதம் அவர் ஒரு கருவியைப் பரீட்சித்த வைபவத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. மேஜைமேல் பெட்டி திறந்திருந்தது. “1963ஆம் வருஷத்துப் பிரிஸிஷன் பேஸ், ஐயா; ஒரே வீட்டில் இருந்தது; ஒன்றையும் மாற்றவில்லை” என்றார் விற்பவர். அசலானந்தர் பதில் சொல்லவில்லை. முதலில் பெட்டிக்குள் மூக்கை நுழைத்து ஆழ்ந்து முகர்ந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி, சிறிய திருப்புளி, பல் வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடி, ஊதாநிற ஒளி வீசும் கைவிளக்கு ஆகியவற்றை எடுத்து, பூஜைக்கு உபகரணம் பரப்புவதுபோல் வரிசையாக வைத்தார்.

“கழுத்தைக் கழற்றலாமா?” என்று அவர் கேட்ட மிருதுவான குரலைக் கேட்டு, சந்தைக்குப் புதியவளாயிருந்த ஒரு மாது இரண்டடி பின்வாங்கினாள். நான்கு திருகாணிகளை எடுத்ததும் கழுத்து தனியே வந்தது. அதன் அடியில் குத்தியிருந்த தேதி முத்திரை 1963 என்றே சொல்லிற்று. விற்பவர் முகம் மலர்ந்தது. அடுத்து, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் வயிற்றைத் திருப்பி, அங்கே பொறித்திருந்த எண்களை ஜாதகம் வாசிப்பதுபோல் வாசித்தார். 304 என்று தொடங்கினால் அது ஸ்டாக்போல் கம்பெனியின் உருப்படி, 137 என்றால் சி.டி.எஸ்.; அதை அடுத்து வரும் இலக்கங்கள் வருஷமும் வாரமும். குமிழ் கருவிக்கு ஓரிரு வருஷம் மூத்ததாக இருக்கலாமே ஒழிய இளையதாக இருக்கலாகாது. ‘பிள்ளைக்குத் தாய் மூத்தவளாயிருப்பதில் ஆட்சேபணை என்ன?’ என்பது இந்த சாஸ்திரத்தின் சூத்திரம். அதிலும் கருவி தேறிவிட்டது.

கடைசியில்தான் விதி விளையாடியது. தந்திகளுக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் பலகையை நீக்கியவர், மரத்திலே ஓர் ஆணித்துளையைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். அந்தக் காலத்தில் வண்ணம் பூசும்போது, கட்டை தரையில் ஒட்டாமலிருக்கும்பொருட்டு, சிறு ஆணிகளை அடித்து அவற்றையே காலாக்கி நிறுத்துவார்களாம். காய்ந்தபின் ஆணியைப் பிடுங்கிவிடுவதால், துளைக்குள்ளே வண்ணம் இருக்க நியாயமில்லை. இந்தத் துளைக்குள்ளோ வண்ணம் இருந்தது! விளக்கின் ஊதா ஒளியைப் பாய்ச்சினார். பழைய வார்னிஷாயிருந்தால் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கவேண்டிய உடல், குற்றவாளியைப்போல் இருண்டு கிடந்தது. “மறுபூச்சு” என்று ஒரே வார்த்தை சொல்லி, உபகரணங்களைப் பொறுக்கிப் பையிலிட்டுக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் கருவியின் விலை பாதியாயிற்று.

“நாதம் எப்படியிருந்தது?” என்று நான் வாய்தவறிக் கேட்டுவிட்டேன். கல்வெட்டு ஆராய வந்தவரிடம் ‘இந்தக் கோயிலில் புளியோதரை எப்படி?’ என்று விசாரித்தவனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். அரைமணி நேரப் பரீட்சையில் அவர் ஒரு தந்தியையாவது தொட்டு மீட்டவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

கீறல் விஷயத்தில் அவருடைய தர்மம் இன்னும் நுட்பமானது. ஐம்பது வருஷம் ஒருவன் உழைத்து வாசித்ததனால் தேய்ந்த தேய்வு அவருக்கு ஆபரணம். நேற்று மேஜையில் இடித்த கீறல் அபசாரம். இந்த ருசியை அறிந்துதான், பிரிஸிஷன் பேஸைச் செய்கிற ஃபெண்டர் கம்பெனியே புத்தம் புதிய கருவியைத் தேய்த்துச் சுரண்டிப் பழசாக்கி, புதியதைவிட அதிக விலைக்கு விற்கும் கைங்கரியத்தைத் தொண்ணூறுகளில் ஆரம்பித்தது. 1965 ஜனவரி என்றால் அசலானந்தர் குரல் தழுதழுக்கும். லியோ ஃபெண்டர் தம்முடைய கம்பெனியை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்துக்கு விற்ற மாதம் அது. அதற்கு முந்தியது கிருதயுகம், பிந்தியது கலியுகம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த மதத்தின் மூலபுருஷராகிய லியோ ஃபெண்டர், ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். 1951இல் அவர் பிரிஸிஷன் பேஸைச் செய்தபோது, கழுத்தை ஒட்டாமல் திருகாணியால் பிணைத்ததே, கெட்டுப்போனால் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்வதற்காகத்தான். மாற்றுவதற்கென்றே படைக்கப்பட்ட பொருளில் மாறாமையைத் தேடுகிறார் நம் அசலானந்தர்.

அவருடைய சந்நிதானத்தில் மகாவித்துவான்களின் கருவிகள் என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் பாட்டுக்கள் பலவற்றுக்கு அஸ்திவாரமாயிருந்த ஜேம்ஸ் ஜாமெர்சனின் 1962 பிரிஸிஷன் பேஸில், ‘ஃபங்க்’ என்று கழுத்தடியில் செதுக்கியிருந்தது. “செதுக்கல் உண்டு, விலை குறைக்க” என்று தீர்ப்பாகியிருக்கும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்த 1962 ஜாஸ் பேஸிலோ, வீணைக்கு மெட்டுப்போல் கழுத்தில் இருக்கவேண்டிய மெட்டுக்கள் ஒன்றுகூட இல்லை. பிடுங்கிய பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசியிருந்தது. அந்தக் கருவியிலிருந்து எழுந்த நாதம் ஜாஸ் உலகையே கலக்கியது வாஸ்தவம். ஆயினும் அசலானந்தர் பெட்டியை மூடியிருப்பார்.

அவரை நான் பரிகசிப்பதாக எண்ணவேண்டாம். அவரால் எனக்கு விளைந்த உபகாரம் பெரிது. அன்று அவர் கைவிட்டுப் போன அந்த மறுபூச்சுக் கருவியை, அவர் முதுகு மறையும்வரை பொறுத்திருந்து, பாதி விலைக்கு நானே வாங்கிவந்தேன். தினம் மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கிறேன். கனத்த, கனிந்த நாதம். ஆணித்துளைக்குள் இருக்கும் வண்ணம் இதுவரை அபஸ்வரம் எதையும் எழுப்பவில்லை. ஆகையால், பழைய பேஸ் ஒன்றை வாசிப்பதற்கென்றே வாங்க நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: சந்தைக்குப் போனதும் கருவியைத் தேடாதீர்கள், அசலானந்தரைத் தேடுங்கள். அவருக்குப் பின்னால் மூன்றடி தள்ளி, பணப்பையோடு, மௌனமாக நடந்து வாருங்கள்.