முக்குளிப்போர் அடுக்களை இலக்கணம்

பாயிரம்

கடலுக்கு அடியில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லப் பல நூல்கள் உண்டு. அடியிலிருந்து மேலே வந்தவர் மதியம் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அக்குறை நீக்க எழுந்தது இந்நூல். இதன் எல்லை, அந்தமானின் ஹேவ்லாக் தீவு. 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் த்வீப் எனப் பெயர் சூட்டியாயிற்று. ஆனாலும் டைவ் அடிக்கப் போகிறவர்கள் வாயில் இன்னும் ஹேவ்லாக்தான் என்பதால் உலக வழக்கையே தழுவினோம். நுதலிய பொருள்: அடுப்போடு கூடிய, கட்டுப்படியாகும் அறை. கேட்போர்: ஸ்கூபா சான்றிதழ் உள்ளவரும் சேமிப்பு இல்லாதவரும். பயன்: சோறு.

முன்னோர் கருத்து

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் மரிச்சுக்கட்டிக் கடற்கரையில் ஓலைக் குடிசைகளாலேயே ஒரு நகரம் எழும்பும். குளிப்பு முடிந்ததும் கலையும். அங்கே குடிசை எடுத்தவர் எவரும் "அடுப்பு உண்டா?" என்று கேட்டதாகக் குறிப்பில்லை. தலைக்கு மேல் கூரை இருந்தால் கீழே மூன்று கல் இருக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அடுப்பு அறைவாடகையிலிருந்து பிரிந்து தனி வசதியாகப் பதவி உயர்வு பெற்றது பிற்காலத்துச் செய்தி.

அடுப்பு ஏன் வேண்டும் என்பதற்குப் பொருளியல் காரணம் எளிது. விமான டிக்கெட்டின் விலையை விமானக் கம்பெனி முடிவு செய்கிறது. படகுக் கட்டணத்தைப் படகுக்காரர் முடிவு செய்கிறார். டைவின் விலையில் பேரம் பேசலாம். ஆனால் நம் முதுகில் காற்று உருளையைக் கட்டப்போகிறவரிடம் ஓர் அளவுக்கு மேல் பேரம் பேசுவது விவேகம் ஆகாது. மிச்சம் இருப்பவை அறையும் வயிறும். சிக்கனம் என்பது இவ்விரண்டிலும் கை வைப்பதே.

முதல் நூற்பா

மின்கெண்டி ஒன்று மேசைமேல் இருப்பின்
சமையலறை என்ப விடுதி யோரே.

இதன் பொருள்: அறையில் ஒரு கெட்டில் இருந்தால் அதையே சமையலறை என்று தொலைபேசியில் சொல்வர் விடுதி நடத்துவோர் என்றவாறு. 'ஒன்று' என்றமையால் இரண்டாவது பாத்திரம் இல்லை என்பதும், 'மேசைமேல்' என்றமையால் சமையல் மேடை இல்லை என்பதும் பெற்றாம். 'என்ப' என்றது, அதில் வெந்நீரும் நூடுல்ஸும் தவிர ஏதும் ஆகாது என்பது அவர்க்கும் தெரியும் ஆதலின். கெட்டிலில் முட்டை அவிக்கலாமே என்பாரும் உளர். அவர் அறையில் நாம் காப்பி குடிப்பதில்லை.

கெட்டிலுக்கு அடுத்த நிலை இண்டக்‌ஷன் அடுப்பு. இது பார்வைக்கு அடுப்பு. ஆனால் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை மதிக்காது. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன அலுமினியக் குக்கர், அடியில் இண்டக்‌ஷனுக்கான தகடு இல்லாவிட்டால், அதன்மேல் சில்லென்று உட்கார்ந்திருக்கும். புறப்படுமுன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மையைப் பிடுங்கிக் குக்கரின் அடியில் வைத்துப் பார்ப்பது நன்று. இன்னொன்று: 2,000 வாட் இழுக்கும் அடுப்பும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடினால் சிறு விடுதிகளில் மின்சாரம் விழுந்துவிடும். குளிரா, குழம்பா என்று அங்கே தீர்மானித்தாக வேண்டும்.

மூன்றாவது, வீட்டுக்காரம்மாவின் அடுக்களையைப் பகிர்வது. ஹேவ்லாக்கில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிக் குடும்பத்தினர்; கோவிந்த் நகர், ஷ்யாம் நகர், ராதாநகர் என்று ஊர்ப்பெயர்கள் பலவும் கண்ணன் கதையாக இருப்பது அவர்கள் கைங்கரியம். அப்படியொரு வீட்டில் தக்காளி நறுக்கக் கத்தி கேட்டோம். அம்மையார் கடுகெண்ணெயில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, தரையில் கிடந்த அரிவாள்மனையைக் காலால் நம் பக்கம் தள்ளினார். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே சாமான். பலகையில் கால் வைத்துக் குத்தவைத்து உட்கார வேண்டும். காலையில் துடுப்புக்காலணி மாட்டி உதைத்த தொடைகளுக்கு இது இரண்டாவது பயிற்சி. நம் பெருங்காயம் எண்ணெயில் பொரிந்தபோது அவர் ஜன்னலைத் திறந்தார். அவர் கடுகெண்ணெய் புகைந்தபோது நாம் கதவைத் திறந்தோம். காற்றோட்டமான சமையலறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தது பொய்யில்லை.

குக்கர் பற்றிய புறனடை

இந்த ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு இது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் மேலே உள்ள காற்றையும் சேர்த்து இரண்டு வளிமண்டல அழுத்தம். வெயிட் போட்ட குக்கருக்குள்ளும் கிட்டத்தட்ட அதே இரண்டு. ஆகவே அந்த ஆழத்தில் நெமோ ரீஃப் பவளத்திட்டருகே மிதக்கும் டைவரும் அறையில் வேகும் துவரம்பருப்பும் ஒரே அழுத்தத்தில் இருக்கிறார்கள். பருப்புக்குச் சுமார் 120 டிகிரி, டைவருக்கு 29 டிகிரி என்பதே வேறுபாடு. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கலாகாது என்ற விதியும் இருவருக்கும் பொது. டைவர் மேலே வருமுன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கிறார். குக்கர் ஆவி அடங்கும்வரை நிற்கிறது. முதலாவதைப் பொறுமையாகச் செய்துவிட்டு வந்தவர்கள் இரண்டாவதில் அவசரப்பட்டு மூடியைத் திருகுவதை என்னவென்று சொல்ல!

இடவியல்

கரைநீங்கு தோறும் வாடகை குறையும்;
குறைந்தது முழுதும் ஸ்கூட்டி கொள்ளும்.

இத்தீவில் இடங்களை நம்பரால் சொல்வார்கள். ஜெட்டி ஒன்று, கடைத்தெரு மூன்று, டைவ் கடைகள் அடர்ந்த விஜய் நகர் ஐந்து, எல்லோரும் சூரியாஸ்தமனம் பார்க்கப் போகும் ராதாநகர் ஏழு. ஐந்தாம் நம்பரில் கடலைப் பார்த்த அறைக்கு, ஜன்னலுக்கு வெளியே இருப்பதற்கும் சேர்த்து வாடகை. உள்ளே, பாக்குத் தோட்டங்களின் பக்கம் போனால் மலிவு. ஆனால் விடியலில் டைவ் கடைக்குப் போக வண்டி வாடகைக்கு எடுக்க வேண்டும். மூன்றாம் நம்பரை ஒட்டிய அறையே சமையல்காரருக்கு உகந்தது என்பது எம் துணிபு. கடல் தெரியாது. கடலுக்குள்ளேயே போகிறவருக்கு அது ஜன்னலில் வேறு தெரிய வேண்டுமா?

கடைத்தெருவில் தமிழ்க் குரல் கேட்பது அதிசயம் இல்லை. ஒரு கடையில் நடந்த உரையாடலைச் சான்றாகத் தருகிறோம்.

"அண்ணே, தக்காளி இருக்கா?"

"கப்பல் வரலையே தம்பி. வெங்காயம் இருக்கு, உருளைக்கிழங்கு இருக்கு, தேங்காய் எவ்வளவு வேணாலும் இருக்கு. கருவேப்பிலை மட்டும் கேட்டுறாதீங்க."

இந்தியப் பெருநிலத்திலிருந்து காய்கறி கப்பலேறி அந்தமான் தலைநகருக்கு வந்து, அங்கிருந்து மறுபடி படகேறி வர வேண்டும். கடல் கொந்தளித்தால் சாம்பார் மெலியும். எனவே பருப்பு, புளி, மிளகாய்த்தூள் மூன்றையும் ஊரிலிருந்தே கொண்டுபோவது உத்தமம். டைவ் உபகரணங்கள் அங்கே வாடகைக்குக் கிடைக்கும், புளியை வாடகைக்கு எடுக்க முடியாது. மீனும் தேங்காயும் தீவு கொடுக்கும். வாழைக்காயும் பெரும்பாலும் கொடுக்கும்.

காலவியல்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. ஹேவ்லாக் கிடப்பது 93 டிகிரியில். டிகிரிக்கு 4 நிமிடம் என்றால், அங்கே சூரியன் நம் கடிகாரத்தைவிட 42 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஐந்து மணிக்கு வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்தரை, ஆறுக்குள் இருட்டு. டைவ் படகுகள் விடியலிலேயே கிளம்பும். ஹோட்டல் சமையல்காரர் எழுந்திருப்பதோ கடிகாரப்படி.

ஆகவே படகில் கிடைக்கும் டீயும் பிஸ்கட்டும்தான் காலை உணவு. அதோடு இரண்டு டைவ். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். வெதுவெதுப்பான கடல் என்று தோன்றினாலும் உள்ளே அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். கரையேறும்போது வருவது சாதாரணப் பசி அன்று. அந்தப் பசியோடு ஒரு கஃபேயில் உட்கார்ந்து, ஆர்டர் கொடுத்து, முக்கால் மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடுப்பின் அருமையை அறிவார்கள்.

இன்னும் ஒரு நாள் இருக்கிறது. அடுத்தடுத்துப் பல டைவ் போட்டவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் விடுவோரே மிகுதி. அந்த நாளில் டைவ் இல்லை, வாடகை உண்டு, பசி உண்டு. சொந்த அடுப்பு இல்லாதவரின் பட்ஜெட் உடைவது இந்த நாளில்தான். அடுப்பு உள்ளவர் மிச்சப் பருப்பு, மிச்ச அரிசி, மூன்று உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு, அதற்கு ஒரு பெயரும் வைத்து, மத்தியானம் தூங்கிவிடுவார்.

முடிபு

ஐந்து மணிக்கு அடுப்பெரி யாதேல்
அவ்விடம் விலக்குக ஆழ்நீர் ஆடுவோர்.

அறை பார்க்கும்போது வாடகை எவ்வளவு, கிச்சன் இருக்கிறதா என்று தொடங்காதீர்கள். இரண்டுக்கும் இனிமையான பதில்தான் வரும். காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கலாமா என்று கேளுங்கள். அரிவாள்மனை அம்மையாரிடம் அப்படிக் கேட்டபோது, "நான் நாலரைக்கே எழுந்துவிடுவேன், நீ எழுந்துவிடுவாயா?" என்றார். அந்த மாதிரி இடம் கிடைத்தால் தயங்காமல் முன்பணம் அனுப்புங்கள். ஒரு நல்ல கத்தியும் எடுத்துப் போங்கள். அதைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் வையுங்கள், இல்லையென்றால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.