குறுக்குத்துறை முருகனின் கணக்கு

நெல்லையில் புரட்டாசியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் வீட்டுத் தரகர்களுக்கு உயிர் வந்துவிடும். மொட்டைமாடி எங்கே ஒழுகுகிறது, சுவரில் எங்கே ஓதம் ஏறுகிறது என்று வீடே வாக்குமூலம் கொடுக்கும் மழை மாதம் அது. தீபாவளியைச் சாக்கிட்டுப் பெயின்ட் அடித்து அதன் வாயை அடைத்துவிடுகிறோம். வாங்க வருகிறவரும் ஈசான்ய மூலையைப் பார்ப்பாரே தவிர, வெள்ளம் எந்த மட்டம்வரை ஏறியது என்று கேட்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளமெல்லாம் நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே என்பார்கள். 1992 நவம்பரிலும் தாமிரபரணி ஊருக்குள் வந்தாள். இடைவெளி 31 வருஷம். வீட்டுக் கடனே 30 வருஷம்வரை ஓடுகிறது! ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கும் குறுக்குத்துறை முருகன் விவரமானவர்: வெள்ளம் வந்தால் உற்சவர் மேலக்கோயிலுக்குக் கிளம்பிவிடுவார், வாஸ்து பார்க்காமல்.