மண்வெட்டிக்குச் சிக்கனம், பொக்லைனுக்குத் தாராளம்

அரியலூர் மாவட்டத்தில் குழி தோண்டிப் பிழைப்பவர்கள் இரண்டு ரகம். மண்வெட்டியால் தோண்டினால் "சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்கள்" என்று பெயர். பொக்லைனால் தோண்டினால் "முதலீட்டாளர்" என்று பெயர். முதல் ரகத்துக்கு அரசாங்கம் சிக்கனத்தைப் போதிக்கும். இரண்டாம் ரகத்தின் முன்னால் அந்தச் சொல்லை உச்சரிப்பதே மரியாதைக் குறைவு. முதலீடு கோபித்துக்கொண்டு ஆந்திராவுக்குப் போய்விடுமாம்.

முதலில் மண்வெட்டி. ஏரி வரத்து வாய்க்காலில் நூறு நாள் வேலைக்கு வந்திருக்கும் பெண்களில் பலர் பேரப்பிள்ளை கண்டவர்கள். அவர்கள் வேலைக்கு வந்தார்கள் என்பதை டெல்லி லேசில் நம்பாது. 2023 ஜனவரியிலிருந்து தினமும் இரண்டு தடவை படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் வெயிலில் நின்றது வெயிலோடு போயிற்று. 2024 ஜனவரியிலிருந்து கூலி ஆதார் வழியாகத்தான் வரும். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பேங்குக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். இவ்வளவு காவலும் எதற்கு? 2024–25இல் நாளொன்றுக்கு 319 ரூபாய்க்கு.

அந்த 319 ரூபாயும் வந்து சேரவில்லை. 2025 ஜனவரியில் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதியபோது தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலி பாக்கி 1,056 கோடி ரூபாய். மார்ச் 29இல் திமுக ஊர் ஊராக ஆர்ப்பாட்டம் நடத்தியபோது அது 4,034 கோடி. தாமதமானால் நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வருகைப் பதிவேடு முடிந்து 16 நாள் கழிந்த பிறகு, நாளுக்கு 0.05 சதவீதம். 319 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 16 காசு! 25 காசையும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களையும் 2011லேயே ஒழித்துவிட்ட அரசாங்கம், இந்த 16 காசைப் பாட்டியின் கையில் எப்படி வைக்கும் என்று நிதியமைச்சகம்தான் விளக்க வேண்டும்.

இனி பொக்லைன். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மண்ணில் கடல் கிடந்தது. போகும்போது அது சிப்பியையும் நத்தையையும் சுண்ணாம்புக்கல்லையும் விட்டுப் போனது. நம் சிமெண்ட் கம்பெனிகளுக்கு அவ்வளவு தாராள மனசு கிடையாது. கோவிந்தபுரத்திலும் ஆலத்தியூரிலும் ராம்கோ, ரெட்டிப்பாளையத்தில் அல்ட்ராடெக், கீழப்பழுவூரில் செட்டிநாடு, இன்னொரு பக்கம் டால்மியா, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ். கடைசியில் சொன்னதும் 2024 டிசம்பரிலிருந்து அல்ட்ராடெக்கின் பைக்குள். அரசாங்கத்தின் டான்செம்மும் ஒரு ஓரத்தில் உண்டு.

இந்தக் கல்லுக்கு 2014இல் வைத்த ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அதாவது, கடல் கோடிக்கணக்கான ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த கல்லில் நான்கு டன், ஒரு பாட்டியின் ஒருநாள் கூலிக்குச் சமம். அந்தக் கூலியே நாட்டின் கஜானாவைக் காலி செய்கிறது என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் கவலைப்படுகிறார்கள். கல்லைப் பற்றி அவர்கள் பேசி நான் கேட்டதில்லை. கல் தீர்ந்த பள்ளங்களில் மழைத்தண்ணீர் நிற்கிறது. சட்டப்படி சுரங்க மூடல் திட்டம் உண்டு. காகிதத்தில் அங்கே ஏற்கெனவே காடு வளர்ந்து குயில் கூவுகிறது. அந்தப் பள்ளங்களைத் தினம் இரண்டு தடவை படம் பிடித்து ஏற்றச் சொல்லும் செயலியை மட்டும் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

சுரங்கத்துக்கு அனுமதி கொடுக்குமுன் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். ஷாமியானா பந்தல், தண்ணீர் பாட்டில், ஊர்க்காரர்களைவிட அதிகமாய்ப் போலீஸ். "நிலத்தடி நீர் போய்விட்டது, வீட்டுச் சுவர் விரிசல் விடுகிறது, டாரஸ் லாரிக்குப் பயந்து பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப முடியவில்லை" என்று சனங்கள் தொண்டை கிழியப் பேசுவார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகும். கருத்தைக் கேட்க வேண்டும் என்றுதானே 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை சொல்கிறது? கேட்டாயிற்று.

இந்த ராச்சியத்தில் ஒரே ஒருமுறை அரசாங்கத்துக்கு முதுகெலும்பு முளைத்தது. கனிமம் உள்ள நிலத்துக்கு வரிபோட மாநிலங்களுக்கு உரிமை உண்டு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளிக்க, தமிழ்நாடு சட்டம் போட்டு 2025 ஏப்ரலில் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் வரி விதித்தது. உடனே ராம்கோ, இந்த வரியைக் காட்டி, மூட்டைக்கு 35 ரூபாய் ஏற்றுவதாக அறிவித்தது. கணக்குப் போடுவோம். ஒரு டன் சிமெண்டுக்கு எவ்வளவு தாராளமாக வைத்தாலும் ஒன்றரை டன் கல். வரி 240 ரூபாய். டன்னுக்கு 20 மூட்டை. மூட்டைக்கு 12 ரூபாய். மீதி 23? மற்றச் செலவுகளும் கூடிவிட்டனவாம். கம்பெனியின் மீது போட்ட வரி, தொகுப்பு வீட்டுக்குப் பூச்சு வேலை பாக்கி வைத்திருக்கும் கொத்தனார் தலையில் மூன்று மடங்காக இறங்கியது.

விலையைக் கூடிப் பேசி ஏற்றினார்கள் என்று 2012 ஜூனில் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,300 கோடிக்கு மேல் அபராதம் போட்டது. அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸ், அப்போது மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்று பெயர் கொண்டிருந்த ராம்கோ எல்லாரும் பட்டியலில் உண்டு. தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2016இல் ஆணையம் மறுபடி 6,700 கோடி போட்டது. 2018இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின. பத்து சதவீதத்தைக் கட்டிவிட்டு மீதியைக் கட்டாமல் இருக்க இடைக்காலப் பாதுகாப்பு கிடைத்தது. இதற்கெல்லாம் ஆதார் இணைப்பு கேட்கவில்லை.

இந்த ஞாயத்தை எழுதுவது யார்? 2019 செப்டம்பர் 20இல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். அரசாங்கமே சொன்ன இழப்பு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி. 2023–24 பட்ஜெட்டில் நாடு முழுவதற்கும் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 60,000 கோடி. ஒன்றுக்குப் பெயர் ஊக்கம், மற்றதற்குப் பெயர் சுமை. 2025 டிசம்பரில் அந்தச் சுமையையும் இறக்கிவைத்தார்கள்: நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்த காந்தி பெயரை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம், 125 நாள் என்ற அலங்காரம், 40 சதவீதச் செலவு மாநிலத்தின் தலையில், நடவு அறுவடைக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாம் என்ற வசதியும். பண்ணையாருக்கு மலிவாக ஆள் கிடைக்க வேண்டுமல்லவா?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் சென்னைக்கு வருத்தம் வரும். தேர்தல் பத்திரத்தில் தளவாய் ஆலையின் இந்தியா சிமெண்ட்ஸிடம் திமுக வாங்கியது 14 கோடி. அதை அந்தக் கட்சியே வெளியில் சொன்னது. வாங்கியும் மூச்சுவிடாத கட்சிகளுக்கு அந்த நாணயமும் கிடையாது.

பக்கத்துப் பெரம்பலூர்க்காரர்களுக்குத் தோண்டும் சத்தம்கூடக் கேட்கவில்லை. 2007ஐ ஒட்டி, ஜிவிகே நிறுவனமும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலம் என்ற பெயரில் சோளமும் பருத்தியும் விளைந்த சுமார் 3,000 ஏக்கரை வளைத்தன. பத்தாண்டுக்கு மேல் சிறப்பும் வரவில்லை, பொருளாதாரமும் வரவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடு என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 நவம்பரில் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். செருப்பு வந்துவிட்டது, கால் வைக்கச் சொந்த நிலம் இல்லை.

ஆனாலும் இந்தச் சனங்கள் சும்மா இருப்பவர்கள் இல்லை. பழுப்பு நிலக்கரிக்காக 1990களில் நிலத்தைப் பறிகொடுத்த ஜெயங்கொண்டம் விவசாயிகள் கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் அலைந்தே கிழவர்களானார்கள். கால் நூற்றாண்டு கழித்து 2022இல் அரசாங்கம் திட்டத்தைக் கைவிட்டது. 2023 மார்ச் கடைசியில் மைக்கேல்பட்டி பழுப்பு நிலக்கரிப் படுகையை ஏலப் பட்டியலில் சேர்த்தார்கள், ஊர் கொதித்தது, ஏப்ரல் 8இல் பட்டியலிலிருந்து பெயர் காணாமல் போனது. மறுநாளே எல்லாக் கட்சிக்கும் வெற்றிச் சுவரொட்டி.

கூலி கேட்டுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தால் மட்டும் அரசாங்கம் மின்னலாய் வேலை செய்யும். ஜீப் வரும், கல்யாண மண்டபம் திறக்கும், பொதுமக்களுக்கு இடையூறு என்று வழக்கு பதிவாகும். அதற்கு நெட்வொர்க் பிரச்சினை கிடையாது. அந்த வழக்கில் அபராதம் விழுந்தால் அவர்கள் ஒன்று செய்யலாம்: சிமெண்ட் கம்பெனிகளின் வக்கீலையே பிடித்து, பத்து சதவீதத்தைக் கட்டிவிட்டு மீதியை நிறுத்தி வைக்கச் சொல்லலாம். அந்தப் பத்து சதவீதத்தையும், தங்களுக்கு வர வேண்டிய 16 காசுகளில் கழித்துக்கொள்ளச் சொல்லி மனுப்போடலாம்.